வாசகர் கேள்வி: பரிசோதனை நாளில் மறைந்த தோல் படை

கேள்வி: என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். பணிக்காலத்தில் வந்த எக்ஸிமா என்ற தோல் படை இன்னும் விடவில்லை. பணியால் வந்ததுதான் என்று வி.ஏ. (முன்னாள் படைவீரர் நலத்) துறை ஒப்புக்கொண்டும், பாதிப்பு 0 சதவீதம் என்று மதிப்பிட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. ஏன்?

பதில்: இரண்டு அளவுகோல்கள்தான். படை எவ்வளவு பரவியிருக்கிறது, கடந்த 12 மாதங்களில் என்ன மருந்து எடுத்தார். உடலில் 5 சதவீதத்துக்குக் குறைவு, பூசும் களிம்பு மட்டும் என்றால் 0தான். ஸ்டீராய்டு களிம்பைத் தினமும் தடவினாலும் 2018 ஆகஸ்ட் விதிப்படி அது கணக்கில் வராது. மாத்திரை, ஊசி, ஒளி சிகிச்சை இவை 6 வாரத்துக்குக் குறைவாக இருந்தால் 10. 6 வாரமோ மேலோ என்றால் 30. ஏறக்குறைய ஆண்டு முழுக்க என்றால் 60.

முகம், கழுத்து, கை போன்ற வெளியே தெரியும் இடங்களைத் தனியாகவும் கணக்கிட வேண்டும். இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு புறங்கையிலும் படை இருந்தால் மொத்த உடலில் அது சொற்பம். வெளியே தெரியும் பரப்பில் 5 சதவீதத்தைத் தாண்டிவிடலாம்.

வி.ஏ. பரிசோதனை நாளில் தோல் தெளிவாக இருந்திருந்தால் மருத்துவர் அதையே எழுதியிருப்பார். இனி படை கிளம்பும்போதெல்லாம் பகல் வெளிச்சத்தில், தேதியோடு படம் எடுங்கள். படையின் பரப்பைக் கணிக்க ஒரு வழி: விரல்களோடு சேர்ந்த அவரது உள்ளங்கைப் பரப்பு உடலில் சுமார் 1 சதவீதம். மருந்துக்கடைப் பதிவையும் வாங்கி, புதிய ஆதாரத்தோடு மறுபடி கோருவதற்கான 20-0995 படிவத்தோடு இணையுங்கள். கடிதத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அனுப்பினால் பழைய விண்ணப்பத் தேதி கைவிட்டுப் போகாது.