எல்லாமே வீடியோவா கெடைக்குதே, நேர்ல போய் கச்சேரி கேக்கறதுல அப்படி என்ன இருக்கு?

கேள்வி கேட்டவரு, பிடிச்ச கலைஞர்கிட்ட நேர்ல பேசின அனுபவம் இருந்தா அதையும் எழுதச் சொல்லியிருக்காரு. எனக்கு மேடைக் கச்சேரி, சினிமாப் பாட்டுக் கச்சேரி எல்லாம் பழக்கம் கம்மி, நான் தவில் பைத்தியம். சொந்த ஊரு கும்பகோணம் பக்கம், வேலை திருப்பூர்ல பனியன் கம்பெனியில. அதனால கோயில் நாயனம் (நாதஸ்வரம்), தவிலப் பத்தி மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

மொதல்ல ஒன்னு, வீடியோவ நான் ஒருநாளும் குறைச்சுப் பேச மாட்டேன். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975லயே போயிட்டாரு, நாயனச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை 1956ல, இவங்க வாசிச்சத நான் கேட்டிருக்கேன்னா அது யாரோ புண்ணியவான் பழைய இசைத்தட்டு, பழைய டேப் எல்லாத்தையும் தேடிப்புடிச்சு யூடியூப்ல ஏத்தி வச்சதாலதான். நைட் ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து ஹெட்போன மாட்டிக்கிட்டு ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ராகத்தப் போட்டா, அந்த கரகர சத்தத்துக்கு நடுவுல நாயனம் மேல ஏறி ஒரு எடத்துல அப்படியே நிக்கும் பாருங்க, தூக்கமாவது ஒன்னாவது. வலங்கைமான் சண்முகசுந்தரம் தவில், ஹரித்துவாரமங்கலம் பழனிவேல் தவில் எல்லாமும் எனக்கு போன்லதான் மொதல்ல அறிமுகம். இப்பவும் ஊர் ஊரா திருவிழாவுக்குப் போயி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கை வலிக்க போனத் தூக்கிப் புடிச்சு எடுத்து அப்லோட் பண்றாங்களே, அந்தப் பசங்களுக்கெல்லாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆனா அதுல தவில்ல பாதிதான் வருது. தவிலுக்கு ரெண்டு பக்கம், வலந்தலை, தொப்பி. வலந்தலைய விரல்ல கூடுன்னு கெட்டியான உறை மாட்டிக்கிட்டு வாசிப்பாங்க, தொப்பிய குச்சியால. போன் ஸ்பீக்கர்ல அந்த வலந்தலையோட டகடகடக மட்டும் கேக்கும், தொப்பியில கும்முனு விழற அடி வரவே வராது, அத்தோட தவில் சத்தம் பெருசாச்சுன்னா போன் மைக்கு தானாவே எல்லாத்தையும் அமுக்கிடும், கூட வாசிக்கிற நாயனமும் சேர்ந்து அமுங்கிப் போயிரும். நேர்ல தொப்பிப் பக்கமா ஒரு நாலடி தள்ளி நின்னு பாருங்க, அந்த அடி காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நெஞ்சுக்கு வந்துரும், சட்டை பட்டன் அதிரும், நான் சும்மா சொல்லல.

எங்க ஊர்ல வைகாசியில திருவிழா. சாமி பொறப்பாடு ராத்திரி பத்து மணிக்கு மேலதான். பெட்ரோமாக்ஸ் காலம் எல்லாம் போயி இப்ப ஜெனரேட்டர் லைட்டு, ஆனா மல்லாரி அதே மல்லாரிதான். தெரியாதவங்களுக்காக சொல்றேன், சாமி கோயில விட்டு கெளம்பும்போது வாசிக்கிறது மல்லாரி, கம்பீர நாட்டை ராகத்துல இருக்கும், பாட்டுன்னு வார்த்தை எதுவும் கெடையாது, அதையே காலம், அதாவது வேகம், கூட்டிக் கூட்டி வாசிப்பாங்க. அது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாயனக்காரரு சீவாளிய (ஊதற முனையில மாட்டற நாணல்) வாயில வச்சு ஈரம் பண்ணி, ஒரு தடவ ஊதிப் பார்த்து, சரிவரலைன்னா எடுத்துட்டு பக்கத்துல தொங்கற இன்னொன்ன மாட்டுவாரு, தவில்காரரு வார இழுத்துக் கட்டிக்கிட்டு விரல்கூட்ட ஒவ்வொன்னா அழுத்திப் பார்த்துக்குவாரு, கூட்டம் தானா அமைதி ஆகும். வீடியோ எடுக்கறவங்க இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஆன் பண்ணுவாங்க. எனக்கு இந்த ரெண்டு நிமிஷத்துக்கே திருப்பூர்லேர்ந்து பஸ் ஏறி வரலாம்.

இப்ப அந்த அனுபவத்துக்கு வர்றேன். அஞ்சாறு வருஷம் முன்னாடி, மேல வீதி முனையில சாமிய நிறுத்திட்டு ரெண்டு தவிலுக்கும் தனி விட்டாங்க, நாயனம் இல்லாம தவில் மட்டும் வாசிக்கிறது. ஆதி தாளம், நான் முன்னாடி நின்னு கையில தாளம் போட்டுக்கிட்டிருந்தேன். ஒருத்தரு கண்ட நடைக்கு, அதாவது ஒரு தட்டுக்கு அஞ்சு எண்ணிக்கைக்கு, மாத்தினாரு பாருங்க, தாளம் போட்டுக்கிட்டிருந்த சுத்துவட்டாரம் பூரா தடுமாறிப் போச்சு, நான் மட்டும் விடல, ஏன்னா அதே மாதிரி ஒரு தனிய போன்ல நூறு தடவயாவது கேட்டு கேட்டு எண்ணிப் பழகியிருந்தேன். அவரு அதப் பார்த்துட்டாரு. அதுக்கப்புறம் கூட்டத்தப் பாக்கவே இல்ல, என் கையப் பார்த்தே வாசிச்சாரு, தனிய முடிக்கிற கணக்கான கோர்வைய ரெண்டு தடவ வச்சு மூணாவது தடவ வைக்கும்போது லேசா தலைய ஆட்டினாரு, அது சரியா என் தட்டுல வந்து விழுந்துச்சு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அன்னிக்கு அங்க கூட்டமும் நானும் இல்லாம இருந்தா அவரு அந்தக் கோர்வைய அப்படி வச்சிருப்பாரான்னு தெரியாது. கேக்கறவன் கை சரியா இருந்தா வாசிக்கிறவருக்கு தைரியம் கூடுது, எதுவேணா செஞ்சு பாக்கலாம்னு தோணுது. வீடியோவுக்கு முன்னாடி உக்காந்து நான் எவ்வளவு சரியா தாளம் போட்டாலும் அங்க வாசிக்கிறவரு என்னப் பார்த்து மாத்தி வாசிக்கப் போறதில்ல.

விடியக்காலைல டீக்கடையில அவரே கூப்பிட்டாரு. "தம்பி, எங்க கத்துக்கிட்டீங்க?" நான் "கத்துக்கலண்ணே, கேட்டதுதான்"னேன். உக்கார வச்சு டீ சொன்னாரு. விரல்கூட்டக் கழட்டி என் கையில குடுத்தாரு, துணியச் சுத்தி பசை தடவிக் காய வச்சது, கல்லு மாதிரி இருந்துச்சு, உள்பக்கம் இன்னும் சூடு ஆறல. அவரு விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயி சுருங்கி இருந்துச்சு.

அன்னிக்கு ராத்திரி நானும் கொஞ்சம் வீடியோ எடுத்திருந்தேன், நம்பர் வாங்கி அனுப்பி வச்சேன். ஆறேழு மாசம் கழிச்சு போன் வந்துச்சு. "தம்பி, அந்த வீடியோ முழுசா வச்சிருக்கீங்களா, நீங்க அனுப்புனது பாதியில நிக்குது"ன்னாரு. என்னண்ணே விஷயம்னேன். அவரோட வாத்தியாரு ஐப்பசியில தவறிட்டாராம். அன்னிக்கு அவரும் வந்து ஒரு வீட்டுத் திண்ணையில உக்காந்து சிஷ்யன் வாசிக்கிறதக் கேட்டிருக்காரு, என் வீடியோவுல ஒரு ஓரமா அவரு வந்திருக்காரு, எனக்கு அப்ப அது யாருன்னே தெரியாது. பென் டிரைவ்ல போட்டு அந்தத் தவில்காரரு வீட்டுக்கே எடுத்துக்கிட்டுப் போனேன். டிவியில மாட்டி பசங்களோட உக்காந்து பார்த்தாரு. நான் கேமராவ லேசா திருப்பின எடத்துல திண்ணையில பெரியவரு தொடையில தாளம் போட்டுக்கிட்டு, கோர்வை முடிஞ்சதும் கைய ஒரு தடவ மேல தூக்கினாரு, அவ்வளவுதான், நாலு செகண்டு கூட இருக்காது. அத அஞ்சாறு தடவ திருப்பித் திருப்பிப் போடச் சொன்னாரு. வாசிச்சுக்கிட்டிருந்தப்ப வாத்தியாரு கைய தூக்கினத அவரு பாக்கலையாம், என் கையத்தான பார்த்துக்கிட்டிருந்தாரு.

இப்ப நான் வீடியோ எடுத்தா வாசிக்கிறவங்க மேல மட்டும் வைக்கிறதில்ல, ஒரு தடவையாவது கேக்கறவங்க பக்கமும் திருப்புவேன். செல்போனத் தவிலுக்கு ரொம்ப கிட்ட வைக்காதீங்க, பத்தடி தள்ளி நாயனத்துப் பக்கமா நின்னீங்கன்னா ரெண்டும் ஓரளவுக்கு தெளிவா விழும். நேர்ல கேக்கணும்னு ஆசை இருக்கறவங்க சாமி கெளம்பறதுக்கு அரை மணி முன்னாடியே போயி, தொப்பிப் பக்கம் எடம் புடிச்சு நில்லுங்க. வர்ற வைகாசிக்கு நான் இப்பவே லீவு சொல்லிட்டேன், மேல வீதி முனையிலதான் நிப்பேன்.