மண்ணடியில் டிக்கெட், மீனம்பாக்கத்தில் விமானம்: வாசகர் கேள்வி–பதில்

விமானம், விமானப் பாதை, பழைய பயணம், எது பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்துதான். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மண்ணடியில் டிராவல்ஸ் ஆபீசில் வெகுகாலம் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். துறைமுகத்தைச் சுற்றி இருக்கிற குடும்பங்களில் பாதிக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் சிங்கப்பூரிலோ கொழும்பிலோ பினாங்கிலோ இருக்கும். விமானம் எங்கே பறக்கும், எப்போது நிற்கும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம்.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சில நாள் விமானங்கள் கடல் மேல் வரிசையாக வந்து திரும்புகின்றன, சில நாள் ஒன்றுகூட அப்படி வருவதில்லை. ஏன்?
வாசகர், காசிமேடு

காற்றுதான் காரணம். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எழுதியிருக்கும். 07 என்றால் திசைகாட்டியில் ஏறக்குறைய 70 டிகிரி, 25 என்றால் 250 டிகிரி, கடைசி எண்ணை விட்டுவிட்டு எழுதுவது உலகம் முழுக்க வழக்கம். விமானம் ஏறுவதும் இறங்குவதும் எதிர்காற்றில்தான், உங்கள் தெருவில் காத்தாடி விடுகிற எந்தப் பையனுக்கும் இது தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் பக்கமிருந்து வந்து சாந்தோம், கிண்டி வழியாக 25-ல் இறக்குவார்கள். டெல்லியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வருகிற விமானங்கள் அப்போது உங்கள் பக்கத்துக் கடலோரமாகத் தெற்கே வந்து வலப்பக்கம் வளைந்து பாதையைப் பிடிக்கும், நீங்கள் பார்ப்பது அந்த வளைவைத்தான். வடகிழக்குப் பருவத்தில் எல்லாம் தலைகீழ்: குன்றத்தூர், கொளப்பாக்கம் பக்கமிருந்து 07-ல் இறங்குவார்கள், கடலைப் பார்த்துக் கிளம்புவார்கள்.

கோடைதான் பார்க்க நன்றாக இருக்கும். காலையில் மேற்குக் காற்று, மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்ததும் திசையை மாற்றுவார்கள். போனில் விமானம் காட்டும் ஆப் இருந்தால் அந்த நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு மாடி ஏறுங்கள். விமானம் தானிருக்கும் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் தானே சொல்லிக்கொண்டு போகிறது, ஆர்வமுள்ளவர்கள் தங்கள் வீட்டு மாடியில் வைத்திருக்கும் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் அதைப் பிடித்துத்தான் அந்த ஆப்பில் காட்டுகின்றன. இறங்கும்போது ஒரு கிலோமீட்டருக்கு 50 மீட்டர் சொச்சம் குறைந்துகொண்டே வர வேண்டும் என்பது கணக்கு, சாந்தோமில் சுமார் 600 மீட்டரில் இருக்கும்.

தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்கு போனவர். அப்பா காலத்தில் விமானம். கப்பல் எப்போது நின்றது? இப்போது பினாங்குக்கு நேராக விமானம் இருக்கிறதா?
வாசகி, தண்டையார்பேட்டை

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ரஜூலா 1926-ல் கட்டிய கப்பல். சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, அப்புறம் சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. டெக் பயணிகள் பாய், பாத்திரம், ஊறுகாய் ஜாடியோடு ஏறுவார்கள், ஒரு வாரம் போல ஆகும். அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள், அதோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிந்தது.

அதற்கு முன்னாலிருந்தே ஏர் இந்தியா சிங்கப்பூருக்குப் பறந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கப்பல் இருக்கிற வரைக்கும் விமானம் வசதிப்பட்டவர்களுக்கு. கப்பல் நின்ற பிறகுதான் சாதாரண ஜனம் மொத்தமாக விமானத்துக்கு மாறியது. மண்ணடியில் லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெருப் பக்கம் டிக்கெட் வாங்க வருகிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், கப்பலில் போய்ப் பழகிய பெரியவர்கள் ‘மூட்டை எத்தனை விடுவான்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். கிலோ கணக்கைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அப்போது டிக்கெட் என்பது கையால் எழுதும் சின்னப் புத்தகம். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் சிவப்பு கார்பன் பூசியிருக்கும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதினால்தான் கடைசித் தாள்வரை எழுத்து இறங்கும். மேல் தாள் கணக்குக்கு, அடுத்தது ஏஜென்டுக்கு, நடுவில் இருப்பவை ஒவ்வொரு பயணத்துக்கும் கவுண்டரில் கிழித்துக்கொள்ள, கடைசித் தாள் பயணிக்கு. சீட் உறுதியானால் கட்டத்தில் ‘ஓகே’ என்று எழுதுவோம், இல்லையென்றால் ‘ஆர்க்யூ’, அதாவது கேட்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த ஓகேவைப் பார்த்த பிறகுதான் சாமி படத்துக்கு முன்னால் டிக்கெட்டை வைப்பார்கள். திரும்பி வரும்போது 72 மணி நேரத்துக்கு முன்னால் போன் செய்து ‘ரீகன்ஃபர்ம்’ செய்ய வேண்டும், இல்லையென்றால் சீட் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவோம். 2008 மே மாதத்தோடு காகித டிக்கெட்டை உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். விரல் நுனியில் ஒட்டிய அந்தச் சிவப்பு, சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது.

பினாங்குக்கு வெகுகாலம் கோலாலம்பூரில் இறங்கி மாறித்தான் போக வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து நேரடி விமானம் விட்டது, சுமார் நாலு மணி நேரப் பயணம். அறிவிப்பு வந்த அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உங்கள் தாத்தாவின் பாதை அது.

சென்னைக்கு வந்த முதல் விமானம் எது?
வாசகர், ராயபுரம்

பறந்த விமானம் என்றால் 1910. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் சிம்ப்சன் கம்பெனியில் விமானம் செய்து இங்கேயே பறந்து காட்டினார். வழக்கமான சேவை என்றால் 1932 அக்டோபர். ஜே.ஆர்.டி. டாடா 15-ம் தேதி கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபால் மூட்டைகளோடு பம்பாயில் வந்து இறங்க, அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாக சென்னைக்குக் கொண்டுவந்தார். ஒற்றை இன்ஜின் புஸ் மாத் விமானம், முழுக்க முழுக்கத் தபாலுக்காகத்தான்.

இதைவிட எனக்குப் பிடித்தது 1949-ல் ஆரம்பித்த இரவுத் தபால் விமானம். டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் நான்கு ஊரிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் கிளம்பும், நான்கும் நடுராத்திரியில் நாக்பூரில் சந்திக்கும், மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். உங்கள் ராயபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற பீச் ரோடு ஜி.பி.ஓ.வில் போட்ட கடிதம் மறுநாள் காலை டெல்லியில் இருக்கும். டக்கோட்டா விமானங்கள், இன்று இருக்கிற மாதிரி ரேடார் கிடையாது, ராத்திரிப் பறத்தல். அந்தப் பைலட்டுகளைப் பற்றி நம் பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வயதான அம்மாவோடு விமான நிலையம் போக வேண்டும். கார் இல்லாமல் முடியுமா?
வாசகி, திருவொற்றியூர்

தாராளமாக. 2021-லிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டுவிட்டது, உங்கள் ஊரிலேயே ஏறி, நீல வழித்தடத்து ரயில்தானா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மாறாமல் விமான நிலையம். முன்பெல்லாம் கடற்கரை ஸ்டேஷனில் தாம்பரம் வண்டியைப் பிடித்துத் திரிசூலத்தில் பெட்டியோடு படி ஏறி இறங்கினோமே, அந்தப் பாடு இனி இல்லை.

விமானங்களைப் பார்க்க, படம் எடுக்க நல்ல இடம் சொல்லுங்கள். எது எந்த விமானம் என்று கண்டுபிடிப்பது எப்படி?
கல்லூரி மாணவர், வியாசர்பாடி

தம்பி, பரங்கிமலை உச்சிக்குப் போ. ஓடுபாதை கண்ணுக்கு எதிரே விரிந்து கிடக்கும். மலையிலிருந்து பார்க்கலாம், ஆனால் விமான நிலையத்துக்குள்ளும் அதன் சுவர் ஓரத்திலும் கேமராவைத் தூக்காதே, அனுமதி இல்லாமல் எடுத்தால் சிக்கல்.

முதலில் ஏர்பஸ் 320-ஐயும் போயிங் 737-ஐயும் பிரித்துப் பழகு. வாலைப் பார்: 737-க்கு நிமிர்ந்த வால் முதுகைத் தொடும் இடத்தில் முன்பக்கமாக ஒரு சின்னச் சரிவு நீண்டு வந்து உடைந்த மாதிரி தெரியும், ஏர்பஸுக்கு வால் ஒரே கோடாக எழும். இண்டிகோ என்றால் பெரும்பாலும் ஏர்பஸ், இறக்கை மேலே இருந்து விசிறி சுற்றினால் அது ஏ.டி.ஆர். என்கிற சின்ன விமானம். சாம்பல் நிறத்தில், ஜன்னலே இல்லாத மாதிரி ஒரு 737 போனால் துள்ளிக் குதிக்கலாம், அது அரக்கோணம் ராஜாளி தளத்துக் கடற்படை விமானம் பி-8ஐ. அதற்கு முன் அங்கே இருந்தவை ரஷ்யாவின் டி.யு-142, நாலு இன்ஜின், ஒவ்வொன்றுக்கும் எதிரெதிராகச் சுற்றும் இரட்டை விசிறி. 2017-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மறக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் இறங்கி ஏறியதும் அதே ராஜாளியில்தான்.

யாழ்ப்பாணத்துக்கு விமானம் முன்பும் இருந்ததாக அப்பா சொல்கிறார். உண்மையா? எந்தப் பக்கம் ஜன்னல் சீட் நல்லது?
வாசகர், மண்ணடி

அப்பா சொல்வது சரி. ஏர் சிலோன் என்ற கம்பெனியின் முதல் பயணமே அதுதான். 1947 டிசம்பர் 10, கொழும்பு ரத்மலானையில் கிளம்பிக் காங்கேசன்துறையில் இறங்கி மதராஸ் வந்தது, ‘சீதாதேவி’ என்று பெயரிட்ட டக்கோட்டா. அப்புறம் போர் வந்தது, யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலி ராணுவத்தளமாகிப் போனது, ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் போகிற ஊருக்குக் கொழும்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. எத்தனையோ பேர் ஒரு சாவுக்குக்கூடப் போய்ச்சேர முடியாமல் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து ஏ.டி.ஆர். விட்டது. சில மாதத்திலேயே கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில்தான் திரும்பவும் வந்தது. 2024 செப்டம்பரிலிருந்து இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. பயணிகள் குறைவு, லாபம் இல்லை என்று யாராவது இந்தப் பாதையை வெட்டப் பார்த்தால் நாம் சும்மா இருக்கக் கூடாது. சில பாதைகளை டிக்கெட் கணக்கை மட்டும் வைத்து எடை போடக் கூடாது.

ஜன்னல் என்றால் போகும்போது வலப்பக்கம் கேளுங்கள். ஏறக்குறைய நேர் தெற்கே போவதால் நம் கரை முழுக்க அந்தப் பக்கம்தான் வரும், மேகம் இல்லாவிட்டால் கடைசியில் கோடிக்கரை மூக்கு நீண்டு முடிவதையும் பார்க்கலாம். வெயில் காலையில் இடப்பக்கம் அடிக்கும், அதனால் கண்ணும் கூசாது.

போர்ட் பிளேர் விமானம் எல்லாம் ஏன் விடிவதற்கு முன்னாலேயே இங்கே கிளம்புகிறது?
வாசகர், பெரம்பூர்

அந்தமான் நம்மைவிட ரொம்பக் கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம் கடிகாரம். அதனால் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், மார்கழியில் சாயங்காலம் ஐந்துக்கே இருட்டிவிடும். கடற்படையோடு பகிர்ந்துகொள்ளும் ஓடுபாதை, ஒரு பக்கம் குன்று வேறு, வெகுகாலம் பகலில் மட்டும்தான் விமானங்கள் இறங்கின. அதனால் காலையிலேயே போய்த் திரும்புகிற வழக்கம் வந்தது. நம் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள் போல ஆகும், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

ராக்கெட் விடும் நாளில் விமானங்கள் என்ன செய்யும்?
வாசகர், எண்ணூர்

ஸ்ரீஹரிகோட்டாவைச் சுற்றியும் ராக்கெட் போகிற திசையில் கடல் மேலும் வான்பகுதியைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மூடிவிடுவார்கள். நோட்டாம் என்கிற அறிவிப்பு முன்கூட்டியே எல்லாப் பைலட்டுகளுக்கும் போய்விடும், அந்தப் பக்கம் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். ஆப்பைத் திறந்து வைத்தால் வழக்கமான பாதை காலியாக இருப்பது தெரியும். ராக்கெட்டை எண்ணூர் கடற்கரையிலிருந்தே தெளிவான நாளில் பார்க்கலாம், பழவேற்காடு வரை போக முடிந்தால் இன்னும் நல்லது.