கூரைக்குள் மரநாய்: சப்போட்டாவை எப்போது பறிக்கிறீர்கள்?

கேள்வி: சிங்கப்பூரின் சிக்லாப்பில் எங்களுடையது ஓட்டுக் கூரை போட்ட பழைய தரைவீடு. ஒரு மாதமாக நள்ளிரவில் கூரைக்குள் ஏதோ தடதடவென்று ஓடுகிறது. கூரை விளிம்பில் விதைகள் நிறைந்த கழிவு கிடக்கிறது. தோட்டத்துச் சப்போட்டாவும் மாம்பழமும் பாதி கடிபட்டு விழுகின்றன. எலியா, வேறு விலங்கா? பூச்சி ஒழிப்புக்காரர் கூண்டு வைத்துப் பிடித்துத் தருகிறேன் என்கிறார். வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள், அம்மா. உங்கள் கூரையில் இருப்பது மரநாய், இரவில் நடமாடிப் பழம் தின்னும் பூனை போன்ற விலங்கு. எலிக் கழிவு அரிசிமணி போலச் சிதறிக் கிடக்கும். பூச்சி தின்னும் வௌவாலின் கழிவு குச்சியால் தொட்டாலே பொடியாகிவிடும். அணில் பகலில்தான் ஓடும். கழிவு விரல் பருமனில் இருந்து, உள்ளே விதைகள் முழுசாகத் தெரிந்தால் மரநாய்தான், சந்தேகமே வேண்டாம். அருகில் பாண்டான் இலை வாசமும் அடிக்கும்.

ஒன்றைப் பிடித்தால், பழமும் கூரையில் ஓட்டையும் இருக்கும்வரை இன்னொன்று வரும். 2020 முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றிப் பிடிப்பது சொந்த வீட்டிலும் குற்றம். கூண்டு வைப்பவருக்கு ஓட்டையை அடைப்பதில் வருமானம் இல்லை. அதனால் அதைப் பற்றி அவர் வாயே திறக்கமாட்டார். அந்துருண்டையும் வாங்காதீர்கள். அதன் நெடி உங்கள் படுக்கையறைக்குத்தான் இறங்கும். எலி மருந்து அறவே கூடாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அது ஏன் உங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தது என்பதை. சப்போட்டாவை மரத்திலேயே பழுக்க விடுகிறீர்கள். இந்த ஊர்த் தோட்டக்காரர்களிடம் நான் ஓயாமல் சண்டை போடுவது இதற்காகத்தான். காயின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். மஞ்சள் தட்டி, பால் குறைவாகக் கசிந்தால் அன்றே பறியுங்கள். வீட்டுக்குள் சில நாளில் பழுக்கும், சுவையும் குறையாது. மாங்காயைக் காம்பருகே தோள் திரண்டதும் பறித்து அரிசிப் பானையில் வையுங்கள். விட்டுவைக்கும் காய்களுக்கு உறை போடுங்கள். விழுந்த பழம் இரவில் தரையில் கிடக்கவே கூடாது. கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள்.

ஓட்டையை அவசரப்பட்டு அடைக்காதீர்கள். ஒரு மாதமாகத் தங்கியிருப்பதால் குட்டி போட்டிருக்கலாம். பகலில் மெல்லிய கீச்சொலி கேட்டால், குட்டிகள் தாயோடு வெளியேறும்வரை இரண்டு மூன்று மாதம் பொறுத்தே ஆகவேண்டும். தாய் வெளியே போன நேரத்தில் அடைத்தால் குட்டிகள் உள்ளேயே செத்து நாறும். குட்டி இல்லையென்றால் கூரைக்குள் விளக்கையும் வானொலியையும் இரவு பகலாகப் போட்டுவையுங்கள். பிறகு ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கிச் செருகுங்கள். சில இரவுகள் அது கலையாமல் இருந்தால் கெட்டியான கம்பி வலை அடியுங்கள்.

குட்டி கீழே விழுந்திருந்தால் தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள். பக்கத்து வீட்டிலும் பழமரம் இருந்தால், அவர்களிடமும் இப்போதே பேசிவிடுங்கள்.