முக்காடு யாருக்குச் சொன்னது?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தோத்திரம். உங்கள் பக்கத்தை இரண்டு வருஷமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் பள்ளிக்கூட ஆசிரியை. எங்கள் சேகரத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலாளராகவும் இருக்கிறேன். அடுத்த மாதம் பெண்கள் ஞாயிறு. அன்றைக்கு நான்தான் செய்தி கொடுக்க வேண்டும் என்று குருவானவர் சொன்னார். நானும் சரி என்றுவிட்டேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையில் மூத்தவர் ஒருவர் (எனக்குச் சித்தப்பா முறை) நிறுத்தி, “1 தீமோத்தேயு 2:12 வாசிச்சிருக்கியாம்மா?” என்று கேட்டார். சங்கத்தில் பேசு, வீட்டு ஜெபத்தில் பேசு, பிரசங்க பீடத்தில் மட்டும் ஏறாதே என்றார். பெண்களைக் குருவாக்கியதெல்லாம் சினாடு (திருச்சபையின் தலைமை மன்றம்) போட்ட சட்டம், வேதம் போட்ட சட்டமில்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை அண்ணாச்சி. அப்பா இறந்தபோது பத்து நாள் எங்கள் வீட்டிலேயே கிடந்தவர். அதனால்தான் எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

வேதம் உண்மையில் என்ன சொல்கிறது? என் மனசைத் தேற்றுவதற்காக எதுவும் சொல்ல வேண்டாம். ஏறலாம் என்றால் எந்தப் பகுதியை எடுக்கலாம் என்றும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

சித்தப்பா இல்லாத வசனத்தைச் சொல்லவில்லை. “உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை; அவள் அமைதலாயிருக்கவேண்டும்.” அச்சடித்தாற்போல் இருக்கிறது. இதற்குத் துணையாக அவர், கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கடிதமான கொரிந்தியர் நிருபத்தையும் எடுத்திருக்கலாம்: “சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்.” இந்த இரண்டையும் எதிர்கொள்ளாமல் பழைய ஏற்பாட்டுப் பெண்களான தெபொராளையும் எஸ்தரையும் காட்டிப் பேசுவது பதில் ஆகாது. நான் குருவானவன் இல்லை. இளவயதில் இறையியல் படிக்கப் போய், கிரேக்கத்தில் பாதியும் எபிரெயத்தில் கால்வாசியும் கற்றுக்கொண்டு, வேறு பிழைப்புக்குப் போனவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முக்காட்டைப் பற்றிப் பேசுவோம். நம் பக்கத்துக் கோயில்களில் ஜெபம் ஆரம்பித்ததும் முந்தானை தலைக்கு ஏறுகிறது. மறந்த பெண்ணைப் பின்வரிசைப் பாட்டி விரலால் சுண்டுவாள். இந்த வழக்கம் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வசனத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள்: “ஜெபம்பண்ணுகிறபோதாவது, தீர்க்கதரிசனஞ்சொல்லுகிறபோதாவது, தன் தலையை மூடிக்கொள்ளாதிருக்கிற எந்த ஸ்திரீயும் தன் தலையைக் கனவீனப்படுத்துகிறாள்.” பவுல் முக்காடு போடச் சொன்னது சபையில் வாய் திறக்கிற பெண்ணுக்கு. கொரிந்து சபையில் பெண்கள் ஜெபித்தார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பவுல் அதைத் தடுக்கவில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று முறை வகுத்தார். நாமோ பேசுகிறவளுக்குச் சொன்ன முக்காட்டை எடுத்து, பேசாமல் உட்கார்ந்திருக்கிறவள் தலையில் போட்டுவிட்டு, பேச்சை மட்டும் பிடுங்கிக்கொண்டோம்.

தீர்க்கதரிசனம் வேறு, பிரசங்கம் வேறு என்பார் சித்தப்பா. நியாயமான கேள்விதான். தமிழ்க் காதுக்குத் தீர்க்கதரிசனம் என்றால் பின்னால் நடக்கப்போவதை முன்னால் சொல்வது. பஞ்சம் வரும், பரீட்சையில் பாஸாவாய், வெளிநாட்டுக்குப் போவாய் என்கிற மாதிரி. பவுல் அந்தச் சொல்லுக்குத் தானே பொருள் சொல்லியிருக்கிறார், அதே நிருபத்தில், 14:3-இல்: “தீர்க்கதரிசனஞ்சொல்லுகிறவனோ மனுஷருக்குப் பக்திவிருத்தியும், புத்தியும், ஆறுதலும் உண்டாகத்தக்கதாகப் பேசுகிறான்.” பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல். நல்ல பிரசங்கத்தில் வேறென்ன இருக்கிறது? பல பிரசங்கங்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருப்பதில்லை என்பது தனிக் கதை. 31-ஆம் வசனத்தில், தீர்க்கதரிசனத்தால் “எல்லாரும் கற்கிறதற்கும்” என்றும் சேர்க்கிறார். ஆக, சபை முழுவதும் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொள்கிற பேச்சு அது. அதைப் பெண்கள் பேசினார்கள்.

அப்படியென்றால் அதே கையால் 14:34-ஐ, அந்தப் “பேசாமலிருக்கக்கடவர்கள்” வசனத்தை, ஏன் எழுதினார்? இரண்டில் ஒன்றுதான். பவுல் மூன்று அதிகாரத்துக்குள் தான் சொன்னதை மறந்துவிட்டார், அல்லது “பேசாமலிருக்கக்கடவர்கள்” என்பதற்கு அடியோடு வாயை மூடுவது என்று பொருளில்லை. கொஞ்சம் மேலே போய் 30-ஆம் வசனத்தைப் பாருங்கள். ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவனுக்கு ஏதாவது வெளிப்பட்டால் “முந்திப் பேசினவன் பேசாமலிருக்கக்கடவன்.” கிரேக்கத்திலும் அதே வினைச்சொல், தமிழிலும் அதே சொல். அந்த ஆண் ஆயுசுக்கும் பேசக்கூடாது என்று யாராவது பொருள் சொல்லியிருக்கிறார்களா? அந்த நேரத்துக்கு நிறுத்து என்பதுதான் பொருள். பெண்களுக்கும் உடனே அடுத்த வசனத்திலேயே காரணம் வருகிறது: ஏதாவது கற்றுக்கொள்ள விரும்பினால் வீட்டில் புருஷரிடத்தில் கேட்கட்டும். கூட்டத்துக்கு நடுவே எழுந்த கேள்விச் சத்தத்தை அமர்த்துகிற பேச்சு இது என்றே நான் வாசிக்கிறேன். இந்த 34, 35 வசனங்கள் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 40-ஆம் வசனத்துக்குப் பின்னால் இருக்கின்றன. அதை வைத்து, பவுல் எழுதாத ஓரக்குறிப்பு பின்னால் உள்ளே நுழைந்தது என்கிறவர்களும் உண்டு. அப்படி வாதிட்டவர்களில் கார்டன் ஃபீ என்கிற பெந்தெகொஸ்தே அறிஞரும் ஒருவர். நான் அதைப் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. கஷ்டமான வசனத்தை வெட்டித் தள்ளித்தான் பதில் சொல்ல முடியும் என்றால் சித்தப்பாவே ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

இனி தீமோத்தேயு. இது கொரிந்தியரைவிடக் கடினம். நிருபம் எபேசுவில் இருக்கிற தீமோத்தேயுவுக்கு. எதற்காக அவனை அங்கே விட்டுவந்தார் என்று முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது: வேற்றுமையான உபதேசம் செய்கிற சிலரைத் தடுக்க. அந்தக் குழப்பம் வீடு வீடாகச் சுற்றியதும், அதில் பெண்கள் சிக்கியதும் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டு நிருபங்களிலும் தெரிகிறது. 2:11, 12-இல் கட்டளையாக வருவது “கற்றுக்கொள்ளக்கடவள்” என்கிற ஒன்றுதான். “நான் உத்தரவு கொடுக்கிறதில்லை” என்பது நிகழ்காலத்தில் தன் நடைமுறையைச் சொல்வது. “அதிகாரஞ்செலுத்த” என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் ‘அவ்தென்தேயின்’ என்று ஒரு சொல். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இது கிடையாது. அதிகாரத்துக்குப் பவுல் வழக்கமாக எடுக்கிற சொல் வேறு. அடக்கி ஆள்வது, அபகரித்து ஆள்வது என்கிற வாடை இதில் உண்டு என்று ஒரு சாரார்; சாதாரண அதிகாரம்தான் என்று மறு சாரார். நான் முதல் கட்சி. அது தீர்ந்த வழக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

சித்தப்பாவுடைய பலமான சீட்டு அடுத்த வசனம்: “முதலாவது ஆதாம் உருவாக்கப்பட்டான், பின்பு ஏவாள் உருவாக்கப்பட்டாள்.” எபேசுவுக்கு மட்டும் சொன்னது என்றால் ஏதேன் தோட்டத்துக்கு ஏன் போகிறார்? இதற்கு வாயடைக்கிற பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஏவாள் வஞ்சிக்கப்பட்டதால் பெண் போதித்தால் ஜனங்கள் வழிதப்புவார்கள் என்பது வாதம் என்றால், தீத்துவுக்கு எழுதும்போது முதிர்வயதுப் பெண்களை “நற்காரியங்களைப் போதிக்கிறவர்களுமாயிருக்க” ஏன் சொன்னார்? தீமோத்தேயுவுக்கே விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும் என்று ஏன் மெச்சினார்? நம் ஞாயிறு பள்ளி முழுக்கப் பெண்கள் கையில் இருக்கிறது. எளிதில் வழிதப்பக்கூடிய சின்னப் பிள்ளைகளைத்தான் அவர்களிடம் விடுகிறோம். பையன் எந்த வயதில் ‘புருஷன்’ ஆகிறான்? திடப்படுத்தல் எடுத்த மறுநாளா?

இன்னொன்று. அதே அதிகாரத்தில் 9-ஆம் வசனம் பெண்கள் மயிர் பின்னவும் பொன் அணியவும் கூடாது என்கிறது. கழுத்தில் எட்டுப் பவுன் சங்கிலியோடு உட்கார்ந்திருக்கிற சபையில் 12-ஐ மட்டும் கல்வெட்டாக வாசிக்கிறோம். (பெந்தெகொஸ்தே சபையார் நகையைக் கழற்றிவிட்டார்கள், அந்த மட்டுக்கு அவர்கள் யோக்கியர்கள்.) 8-ஆம் வசனம் ஆண்களுக்கு: “கோபமும் தர்க்கமுமில்லாமல் பரிசுத்தமான கைகளை உயர்த்தி” ஜெபிக்க வேண்டும். சபைத் தேர்தல் வருஷத்தில் இதைப் பிரசங்க வாக்கியமாக எடுத்த ஆளை நான் பார்த்ததில்லை.

நம் தமிழ் வேதாகமத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1871-இல் முழுதாக வந்த மொழிபெயர்ப்பு அது; பவர் ஐயர் தலைமையில் செய்தது. அதன் ஓசை என் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் சில இடங்களில் பெண்களை அது கொஞ்சம் ஓரமாக உட்கார வைக்கிறது. ரோமர் 16-இல் பெபேயாள் கெங்கிரேயா சபைக்கு ‘ஊழியக்காரி’. கிரேக்கத்தில் ‘தியாக்கோனொஸ்’. பிலிப்பியர் முதல் வசனத்தில் இதே சொல் கண்காணிகளுக்கு அடுத்தபடியாக ஒரு பதவியாகி, ‘உதவிக்காரர்’ என்று வருகிறது. பெபேயாளுக்கு அந்தப் பதவிப் பெயர் கிடைக்கவில்லை. அப்போஸ்தலர் 18-இல், பெரிய பேச்சாளனான அப்பொல்லோவை அழைத்துப் போய்த் “தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய்” விளக்கியவர்கள் “ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும்”. மிகப் பழைய பிரதிகளில் பிரிஸ்கில்லாள் பெயர் முன்னால் இருக்கிறது. நம் மொழிபெயர்ப்புக்கு ஆதாரமாயிருந்த பிற்காலப் பாடத்தில் கணவன் பெயர் முந்திக்கொண்டது. எப்படி வைத்தாலும், ஆண் ஒருவனுக்கு, அதுவும் பிரசங்கிக்கு, ஒரு பெண் உபதேசம் சொல்லிக்கொடுத்தாள். அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா அதைக் குற்றமாக எழுதவில்லை. ரோமர் 16-இல் வருகிற, “அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்ற” யூனியா பெண் என்பதில் நாலாம் நூற்றாண்டுச் சபைப் பிதா கிறிசோஸ்தோமுக்குச் சந்தேகமே இருக்கவில்லை, வியந்து புகழ்ந்திருக்கிறார். அந்தப் பெயரை ஆணாக்கிப் பார்த்ததெல்லாம் வெகு பின்னால்.

சினாடு போட்ட சட்டம் என்றாரே. தென்னிந்தியத் திருச்சபை 1976-இலிருந்து பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறது. 2013-இல் நந்தியால் பேராயராகப் புஷ்ப லலிதா அம்மையார் அபிஷேகம் பெற்றார். சட்டம் வந்ததால் அது வேதசம்மதம் ஆகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இவ்வளவு நேரம் வேதத்தைப் பேசினேன். வேத அறிவும் பக்தியும் உள்ளவர்களே இன்றைக்கும் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1994-இல் பெண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் 2023-இல் பெண்ணைப் போதகராக வைத்த பெரிய சபை ஒன்றையே வெளியே தள்ளினார்கள். ஆனால் உங்கள் வழக்கு அவ்வளவு பெரியதில்லை. உங்களை யாரும் மூப்பராக்கவில்லை. குருவானவர் கேட்டுக்கொண்டபடி ஒரு ஞாயிறு பேசப்போகிறீர்கள். சித்தப்பாவின் வசனத்தை அவர் வாசிக்கிறபடியே வாசித்தாலும், அது அதிகாரம் செலுத்துவதில் சேருமா என்று அவரிடமே கேட்கலாம்.

முடிந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் காத்தரின் பூத் ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்தப் பெயர் யாருடையது என்று. பெண்கள் பிரசங்கிப்பதை ஆதரித்து வேத வசனங்களோடு 1859-இல் சிறு நூல் எழுதிய அம்மாள் அவர். எழுதிய பின்னும் தான் மேடையேறக் கூசிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, கணவர் பிரசங்கம் முடிக்கிற நேரத்தில் எழுந்து போய் நானும் பேச வேண்டும் என்றார். பெண்களை நிறுத்தவென்றே எடுத்துக்காட்டுகிற வசனங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த ஒருத்தியின் பெயரைச் சொல்லித்தான் நம் ஊர்க்காரர்கள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

சித்தப்பாவிடம் வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள். ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போய், காப்பி குடித்துவிட்டு, 1 கொரிந்தியர் 11:5-ஐயும் 14:3-ஐயும் அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மனம் மாறுவார் என்று நான் சொல்லவில்லை. பத்து நாள் உங்கள் வீட்டில் கிடந்த மனிதருக்கு அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

எந்தப் பகுதி என்று கேட்டிருந்தீர்கள். 2 இராஜாக்கள் 22. யோசியா ராஜாவின் பதினெட்டாம் வருஷம், ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் அகப்படுகிறது. ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, கர்த்தரிடத்தில் விசாரியுங்கள் என்று பிரதான ஆசாரியனையும் நான்கு பேரையும் அனுப்புகிறார். எரேமியா தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் போனதோ உல்தாள் என்கிற தீர்க்கதரிசியானவளிடம். “இரண்டாம் வகுப்பிலே குடியிருந்தாள்” என்று இருக்கும். எருசலேமில் ஒரு பேட்டையின் பெயர் அது, பிள்ளைகள் சிரித்தால் விளக்கிவிடுங்கள். அவள் புருஷன் சல்லூம், வஸ்திரசாலை விசாரிப்புக்காரன். ராஜாவின் ஆட்கள் அவன் வீட்டுக்குத்தான் வந்தார்கள், வேதத்தைப் பற்றித்தான் கேட்டார்கள், அவன் பெண்டாட்டியிடம் கேட்டார்கள். அந்த அதிகாரம் முழுக்க சல்லூம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்புடன்,
அண்ணாச்சி