டம்ளருக்குள் ஒரு கடல்

அன்புள்ள ஐயா,

நான் டிஜிட்டல் மீடியா வகுப்பு மாணவி. இந்தப் பருவத்தில் எங்களுக்குப் போட்டோ எடிட்டிங்கில் மூன்று வேலைகள் கொடுத்தார்கள். முதல் படத்தில் என் அறைக்குள் நானே ஐந்து பேராக இருக்கிறேன். ஒருத்தி படிக்கிறாள், ஒருத்தி தூங்குகிறாள், ஒருத்தி ஜன்னல் துடைக்கிறாள். அதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. இரண்டாவதாக, பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் கொடுத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “அந்த உடை நீலமே இல்லை” என்றார். பிறகு என்ன நிறம் என்று கேட்டால் அவருக்கும் நினைவில்லை. மூன்றாவது எங்கள் விருப்பத்துக்கு விட்டது. என் மேஜைமேல் இருக்கும் கண்ணாடி டம்ளருக்குள் கடலையும் ஒரு படகையும் வைத்தேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து செய்தேன். ஆசிரியர் “யோசனை நன்று, ஒட்டவில்லை” என்று மட்டும் எழுதிவிட்டார். எது ஒட்டவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

போட்டோ எடுப்பதில் ஈடுபாடுள்ள என் மாமா, “உள்ளதை உள்ளபடி எடுப்பதுதான் போட்டோ, இது வெட்டி ஒட்டுகிற வேலை” என்கிறார். தோழியோ, “ஏஐயிடம் ஒரு வரி சொன்னால் உடனே வந்துவிடும், இதற்கா தூக்கம் கெட்டாய்?” என்கிறாள். இரண்டு பேருக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படங்களை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். டம்ளர் படத்தை மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான். ஆனால் ‘ஒட்டவில்லை’ என்றதும் நீங்கள் வெட்டிய ஓரங்களைத்தான் திரும்பத் திரும்பச் சோதித்திருப்பீர்கள். ஓரத்தில் குறை ஏதும் இல்லை. எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று பிரிக்கும் மாஸ்க் மிகச் சுத்தம். டம்ளர் விளிம்பில் இருக்கும் சின்னக் கீறல்கூடக் கடலுக்கு மேலே தெரிகிறது. அதை மறைக்கத் தோன்றாமல் விட்டீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன்.

டம்ளரின் வாயைப் பாருங்கள். நன்றாக விரிந்த நீள்வட்டமாகத் தெரிகிறது. அப்படியானால் நீங்கள் மேலே இருந்து குனிந்து எடுத்திருக்கிறீர்கள். கடலைக் கரையில் நின்று நேராக எடுத்திருக்கிறீர்கள், தொடுவானம் ஒரு கோடாகக் கிடக்கிறது. ஒரே படத்தை ஒரு கண் குனிந்து பார்க்கிறது, இன்னொரு கண் நிமிர்ந்து பார்க்கிறது. பார்ப்பவருக்கு இன்னதென்று சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும். டம்ளர் வாய் எவ்வளவு விரிந்து தெரிகிறதோ, உள்ளே இருக்கும் நீர்மட்டம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே விரிந்து தெரிய வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கிறது. அந்தக் கடலையே வைத்துக்கொள்வதென்றால் டம்ளரைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி மறுபடி எடுங்கள். வாய் கிட்டத்தட்டக் கோடாகிவிடும், கடல் தானாக உள்ளே அமரும்.

அடுத்தது வெளிச்சம். மேஜைக்கு இடதுபுறம் ஜன்னல் இருக்கிறது. கடலுக்கு உச்சி வெயில். படகின் நிழல் படகுக்கு நேர் கீழே விழ, டம்ளரின் நிழல் வலப்பக்கம் நீண்டு போகிறது. அந்த நிழலும் வெறும் டம்ளரின் நிழல். நீர் நிறைந்த கண்ணாடி ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்யும், நிழலுக்கு நடுவே ஒரு பளிச்சென்ற ஒளித்திட்டு விழும். அதை பிரஷ்ஷால் வரைய முயலாதீர்கள். அதே மேஜையில், அதே நேரத்தில், டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு படம் எடுத்து, அந்த நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அறைப் படத்தில் இருட்டினால் வந்த நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகள், இருக்கிறது, கடல் துடைத்துவிட்டது போல் இருக்கிறது. கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே அளவு கிரெயினை, அதாவது ஃபிலிமில் வருவது போன்ற பொடி மணிகளை, ஒரு லேயராக, தனி அடுக்காகப் போட்டால் அந்த வேறுபாடு அடங்கும். ஒளி அளவு பொருந்துகிறதா என்று பார்க்க, மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயர் வைத்து நிறத்தை நீக்கிப் பாருங்கள். படத்தை இடம் வலமாகத் திருப்பியும் பாருங்கள். மூன்று ராத்திரி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதுப் படமாகிவிடும்.

உங்கள் முதல் படம் ஏன் ஒட்டியது? ஐந்து பேருக்கும் ஒரே ஜன்னல், ஒரே கேமரா உயரம், ஒரே கிரெயின். அங்கே பொய் ஒன்றே ஒன்றுதான், நீங்கள் ஐந்து பேராக இருப்பது. மற்றதெல்லாம் மெய், அதனால் அந்த ஒரு பொய்யை நாங்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம். டம்ளர் படத்திலும் நீங்கள் கேட்பது ஒரே ஒரு பொய்தான், கடல் டம்ளருக்குள் இருக்கிறது என்பது. ஆனால் உங்களை அறியாமல் நான்கைந்து சின்னப் பொய்கள் கூடவே நுழைந்துவிட்டன. கற்பனையான எடிட்டிங் என்றால் நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். நடக்க முடியாத ஒன்றைக் காட்ட, நடப்பவற்றை எல்லாம் மிகக் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் மாமாவுக்கு ஒரு கடலையே பதிலாகச் சொல்லலாம். பிரான்சில் குஸ்தாவ் லே கிரே 1856, 57-இல் எடுத்த கடல் படங்கள் இன்றும் புகழோடு இருக்கின்றன. அன்று படம் பதித்த கொலோடியன் தட்டு, அதாவது ரசாயனம் பூசிய கண்ணாடி, நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கடலுக்குச் சரியாக ஒளி அளவை வைத்தால் வானம் வெளிறிப்போகும். அதனால் அவர் பல படங்களில் கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று எடுத்து, தொடுவானக் கோட்டில் இணைத்து பிரிண்ட் போட்டார். ஒரே மேகக்கூட்டம் வேறு வேறு கடல்களுக்கு மேலே வருவதும் உண்டு. 1857-இல் ஆஸ்கர் ரேலாண்டர் முப்பதுக்கு மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கி மான்செஸ்டர் கண்காட்சியில் வைத்தார். விக்டோரியா மகாராணி அதில் ஒரு பிரதி வாங்கினார். போட்டோஷாப் 1.0 வெளிவந்தது 1990-இல், லேயர் வந்ததே 1994-இல்தான். அதன் கருவிப் பட்டையைத் திறந்து பாருங்கள். டாட்ஜ் கருவியின் சின்னம், குச்சியில் ஒட்டிய வட்ட அட்டை. பர்ன் கருவியின் சின்னம், விரல்களைக் குவித்த ஒரு கை. இரண்டும் டார்க் ரூமில், நெகடிவ்வைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரின் வெளிச்சத்துக்குக் கீழே நாங்கள் நிஜமாகவே செய்தவை. முகம் கறுத்துவிடாமல் இருக்க அட்டையால் மறைப்போம், வெளிறிய வானத்துக்கு மட்டும் கைச் சந்து வழியாகக் கூடுதல் ஒளி விடுவோம்.

அதற்காக மாமா சொல்வதை அடியோடு தள்ளிவிடாதீர்கள். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டைப்படத்தில், நெட்டுப்பக்கத்துக்குள் அடங்குவதற்காக கீஸா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தார்கள். வெட்டி ஒட்டிய வேலை உங்களுடையதைவிடச் சிறியதுதான். ஆனால் பார்ப்பவர் அதை நடந்ததாக நம்பி வாங்குகிறார். டம்ளருக்குள் கடல் இருப்பதாக யாரும் நம்பப்போவதில்லை.

இந்தக் கணக்கில் எனக்குக் கவலை தருவது உங்கள் பாட்டியின் படம்தான். கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒளியின் அளவை மட்டும்தான் பதிக்கும். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழக்கூடும். ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராத வகையாக இருந்தால் சிவப்பு இன்னும் இருண்டு தெரியும். ஆகவே நீலம் என்பது உங்கள் ஊகம், படத்துக்குள் அதற்குச் சாட்சி இல்லை. மாமா கடிந்துகொள்ள வேண்டியது கடலை அல்ல, இந்த நீலத்தைத்தான்.

நான் டார்க் ரூமில் வேலை பழகிய நாட்களில் ஒரு பெரியவரின் பாஸ்போர்ட் அளவு நெகடிவ் டச்சிங்குக்கு, அதாவது கையால் திருத்துவதற்கு, வந்தது. அவர் காலமாகியிருந்தார், பெரிதாக்கிக் கேட்டார்கள். படத்துக்காகக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். மூக்கின் மேல்பாகத்தில் கண்ணாடி அழுத்திய இரண்டு சின்னப் பள்ளங்கள் இருந்தன. கூர் சீவிய பென்சிலால் நெகடிவ்வில் அந்த இரண்டு இடத்தையும் நிரப்பினேன். நெகடிவ்வில் கறுப்பது பிரிண்ட்டில் வெளுக்கும், அதனால் பிரிண்ட்டில் பள்ளம் மறைந்து மூக்கு வழுவழுவென்று வந்தது. எனக்கு ரொம்பப் பெருமை. படத்தை வாங்க வந்த மகள் வெகுநேரம் பார்த்துவிட்டு, “அப்பா மூக்குல கண்ணாடித் தடம் இருக்குமே” என்றார். கோபமே இல்லை, தேடுகிற குரல். பென்சிலில் செய்ததால் பிழைத்தேன். மருந்து தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். எங்களிடம் கத்தியும் இருந்தது. கறுத்த இடத்தை மெழுகுப் படலம் போலச் சுரண்டி எடுப்பார்கள். சுரண்டியது சுரண்டியதுதான், திரும்ப வராது. உங்கள் மென்பொருளில் அழிப்பான் அந்தக் கத்தி, மாஸ்க் அந்தப் பென்சில். பாட்டி படத்தில் ஓரிடத்தில் அழிப்பானைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், கன்னத்தருகே ஒரு கறை இருந்த இடம் என்று நினைக்கிறேன். அது கறைதானா, மச்சமா? அம்மாவிடம் கேளுங்கள். ஸ்கேன் செய்த மூலத்தைத் தொடாமல் பூட்டி வையுங்கள், வண்ணம் எல்லாம் தனி லேயரில் இருக்கட்டும். நீலத்தோடு நிறுத்தாமல் பழுப்பு, சிவப்பு, பச்சை என்று நான்கைந்து விதமாகச் செய்து அம்மாவிடம் காட்டிப் பாருங்கள். கேள்விக்கு வராத நினைவு சில நேரம் பார்த்ததும் வரும். வராவிட்டால், வண்ணம் ஊகம் என்று படத்தின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.

தோழி சொல்வதில் பாதி உண்மை. ஏஐ நிச்சயமாக ஒரு டம்ளருக்குள் ஒரு கடலைக் கொடுக்கும். விளிம்பில் கீறல் விழுந்த உங்கள் டம்ளரை அதற்குத் தெரியாது. அதோடு, ஏஐ கொடுத்த படத்தில் நிழல் தப்பாக விழுந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் இந்த மூன்று ராத்திரி வேண்டும்.

தண்ணீர் ஊற்றி எடுத்த படம் வந்ததும் லேயர் கோப்போடு அனுப்புங்கள். மேஜைமேல் அந்த ஒளித்திட்டு எங்கே விழுகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்.