ரொறன்ரோப் பனியில் சோர்ந்திருக்கும் அம்மாவுக்கு

வணக்கம். ரொறன்ரோவில் அண்ணா வீட்டில் இருக்கும் அம்மா பனி தொடங்கியதிலிருந்து ஒருவரோடும் கதைக்காமல் படுத்தே கிடக்கிறா, யாழ்ப்பாணத்திலிருந்து என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அழைக்கும் நேரத்தை மாற்றுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்கு வைப்பதால் வித்தியாசம் 10½ மணித்தியாலம் ஆகிவிடும். டிசம்பரில் பின்னேரம் 5 மணிக்கு முன்பே அங்கு இருட்டிவிடும். மனம் கூடுதலாகச் சோர்வதும் அப்போதுதான். அங்கே மாலை 6 மணி, இங்கே விடியப்புறம் 4.30. மார்கழி விடியப்புறத்தில் கோயிலில் பத்து நாள் பாடும் திருவெம்பாவைக்கு இதைவிட வாய்ப்பு வராது! பத்து நாளும் கோயிலிலிருந்து அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுங்கள். கைபேசியைச் சேமக்கலத்துக்கு (தட்டி ஒலிக்கும் வெண்கலத் தட்டு) கிட்டப் பிடித்தால் சத்தம் உடையும். பத்தடி தள்ளி நில்லுங்கள். பாட்டை அம்மா அங்கிருந்தே பாடட்டும்.

அவவுக்கு ஒரு பொறுப்பும் வேண்டும். அங்கே தனியாக இருக்கும் ஊராட்கள் இரண்டு பேரை நாளும் அழைத்துச் சுகம் விசாரிக்கச் சொல்லுங்கள். அரைக் கிலோ ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா) அனுப்பிவிட்டால், சனிக்கிழமை கூழ் காய்ச்சி அவர்களையும் கூப்பிடுவா. மாவை ஊறவைத்துத் தண்ணீரை வடிக்காவிட்டால் கசக்கும், பேரப்பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

இரண்டு கிழமைக்கு மேலும் நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், அண்ணா அவவைக் குடும்ப வைத்தியரிடம் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும்.