கியாந்தி மலைகளில் கிராவல் சைக்கிள்: நான்கு நாளுக்கு எந்த வழி?

கேள்வி: இத்தாலியில் திராட்சைத் தோட்டங்கள் உள்ள மலைப்பகுதியில் மண்சாலை வழியாக நான்கு நாள் சைக்கிள் ஓட்ட ஆசை. வார இறுதியில் 80 கி.மீ. ஓட்டிப் பழக்கம் உண்டு. எங்கே தங்கலாம், எந்த வழி நல்லது?

முதல் வேலையாக அந்த 80-ஐ 50 ஆக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கால்களைக் குறைத்துச் சொல்லவில்லை. மியூனிக்கில் வேலை பார்க்கும் நான், சமதளத்தில் நூறு ஓட்டிய தெம்பில் டஸ்கனிக்குப் போய், முதல் நாள் 62-வது கிலோமீட்டரில் ஒரு ஆலிவ் மரத்தடியில் படுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட மாதிரி இடம், டஸ்கனியில் ஃப்ளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே உள்ள கியாந்தி. அங்கே பெரிய மலை என்று எதுவும் கிடையாது. அங்குள்ள மிக உயரமான சிகரமே 900 மீட்டரைத் தொடாது. ஆனால் சமதளமும் கிடையாது. ஐந்து நிமிடம் ஏற்றம், இரண்டு நிமிடம் இறக்கம், திருப்பத்தில் ஒரு ஓடை, மறுபடி ஏற்றம். நாள் முழுக்க இதேதான். இங்கே லெரோய்கா என்ற புகழ்பெற்ற பழைய சைக்கிள் விழாவின் நீண்ட வழி 209 கி.மீ. அதில் மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். பாதியளவு மண்சாலை. வழி நெடுக அம்புக்குறிப் பலகைகள் இருப்பதால் வருடத்தில் எந்த நாளும் யாரும் ஓட்டலாம். அதை நான்கு நாளாகப் பிரித்து ஓட்டச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். நான் சொல்லமாட்டேன். தினமும் பை கட்டி, தினமும் புது ஊரில் அறை தேடுவதில் பாதித் தெம்பு போய்விடும். ஒரே ஊரில் தங்கி வட்டமடிப்பதே மேல்.

அந்த ஊர் கையோலே. ரயில் கிடையாது. ஃப்ளோரன்ஸிலிருந்து சியெனாவுக்கு ஒன்றரை மணி நேரம் போல ஓடும் பாசஞ்சர் ரயிலில் சைக்கிளுக்கும் சீட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். அங்கிருந்து கையோலே 30 கி.மீ.க்குள்தான்.

முதல் நாள் ப்ரோலியோ கோட்டை பக்கம் போங்கள். இரு பக்கமும் சைப்ரஸ் மரங்கள், நடுவே வெள்ளை வெளேரென்ற மண்சாலை, மேலே கோட்டை. 1141-லிருந்து ரிக்காசோலி குடும்பத்தின் சொத்து. அந்தக் குடும்பத்து பெத்தினோ ரிக்காசோலி இத்தாலியின் இரண்டாவது பிரதமர். கியாந்தி ஒயினில் எந்தத் திராட்சை பிரதானம், எது துணை என்று 1872-ல் ஒரு கடிதத்தில் எழுதிவைத்தவரும் அவரே. லெரோய்கா விழா நாளில் விடியும் முன்பே புறப்படுவதால் இந்த ஏற்றம் முழுக்க விளக்கு ஏற்றி வைப்பார்கள். ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் 1997-ல் தொடங்கியது அது. இந்த வெள்ளைச் சாலைகளுக்கெல்லாம் தார் போட்டுவிடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. 1987-க்கு முந்தைய சைக்கிள்தான் அனுமதி. அதிலிருந்து கிளைத்ததுதான் 2007-ல் தொடங்கிய ஸ்ட்ராதே பியாங்கே என்ற தொழில்முறை சைக்கிள் பந்தயம். இப்போது உலகமே பார்க்கிறது, சாலையும் தப்பித்தது.

இரண்டாம் நாள் ராத்தா, காஸ்தெல்லினா, ஃபோந்தெருத்தோலி ஊர்கள் வழியாக. கியாந்தி ஒயின் பாட்டில் கழுத்தில் கருப்புச் சேவல் படம் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு கதை உண்டு. ஃப்ளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் எல்லைத் தகராறு. சேவல் கூவியதும் இரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்படுவது, சந்திக்கும் இடமே எல்லை என்று ஒப்பந்தம். ஃப்ளோரன்ஸ்காரர்கள் தங்கள் கருப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது இருட்டிலேயே கூவிவிட்டது. அவர்களுடைய வீரன் ஃபோந்தெருத்தோலி வரை வந்துவிட்டான். சியெனாவுக்கு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கட்டுக்கதைதான், ஆனால் அந்த ஏற்றத்தில் பெடல் மிதிக்கும்போது குதிரைமேல் எனக்கு ஒரு பரிதாபம் வந்தது.

மூன்றாம் நாள் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். சியெனாவுக்குத் தென்கிழக்கே அஷானோ பக்கம் க்ரேத்தே செனேசி என்ற பகுதி. படங்களில் வரும் மொட்டைக் குன்றுகள், ஒற்றை சைப்ரஸ் எல்லாம் இங்கேதான். மோந்தே சாந்தே மரியே என்ற 11.5 கி.மீ. மண்சாலையும் இங்கேதான். ஸ்ட்ராதே பியாங்கே பந்தயத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அது. 2024-ல் ஸ்லோவேனிய வீரர் பொகாச்சார் அங்கிருந்து தனியாகக் கிளம்பி, 80 கி.மீ.க்கு மேல் ஒற்றை ஆளாக ஓட்டி ஜெயித்தார்.

நான் போனது அக்டோபர் கடைசியில். முந்தைய இரவு மழை. காலையில் வெயில் அடித்ததும் ஏமாந்து கிளம்பிவிட்டேன். இரண்டே கிலோமீட்டரில் சக்கரம் சுற்ற மறுத்தது. கரைத்து வைத்த இட்லி மாவுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே ஒரு பதத்தில் சாம்பல்நிறக் களிமண். டயரில் அப்பி, ஃபோர்க்கில் அடைத்து, பிரேக்கை மூடிவிட்டது. டயர் கழற்றும் பிளாஸ்டிக் லீவரால் தோண்டினேன். பத்தடி போனால் மறுபடி அடைப்பு. கடைசியில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு புல்மேல் நடந்தேன். ஒரு பண்ணை வீட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நில் என்று கையால் காட்டி, தண்ணீர்க் குழாயை நீட்டினார். சைக்கிளுக்கு முன்னால் என் காலைத்தான் கழுவச் சொன்னார்.

ஆனால் இரண்டு நாள் முன்பு கியாந்தியிலும் இதே அளவு மழை. மதியத்துக்குள் அங்கே சாலை ஓட்டுகிற பதத்துக்கு வந்துவிட்டது. காரணம் மண். கியாந்தியில் கலேஸ்த்ரோ என்ற ஏடுஏடான பாறையும் அல்பெரேசே என்ற சுண்ணாம்புக் கல்லும். தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், திராட்சைக் கொடிக்கும் அதுதான் பிடிக்கும். க்ரேத்தேயில் களிமண், அதனால் கோதுமை. ஆகவே மழைக்கு மறுநாள் நான் இப்போது சாலையைப் பார்ப்பதில்லை, பக்கத்து வயலைப் பார்க்கிறேன். கொடி இருந்தால் ஓட்டுவேன், கோதுமை என்றால் தார்ச்சாலை தேடுவேன். மூன்றாம் நாளுக்கு முந்தைய இரவு மழை என்றால் க்ரேத்தேயை நாலாம் நாளுக்குத் தள்ளிவிடுங்கள், அந்த நாளை அதற்காகத்தான் காலியாக விட்டிருக்கிறேன். அஷானோவில் ரயில் நிலையம் இருப்பது பெரிய தைரியம்.

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நல்ல காலம், செப்டம்பரும் நல்லது. ஆகஸ்ட் வேண்டாம். கொரோனாவால் 2020 பந்தயத்தை ஆகஸ்ட் 1-க்கு மாற்றினார்கள், அந்த வெயிலிலும் புழுதியிலும் பாதிக்கு மேற்பட்ட வீரர்கள் முடிக்காமலே இறங்கிவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். இத்தாலி முழுக்க செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்குத் தடை. நம் வீடுகளில் கவுச்சி சமைக்காத அதே நாட்கள்! எங்கள் அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு இத்தாலிமேல் திடீரென மரியாதை வந்துவிட்டது.

டயர் 40 மி.மீ. போதும். பந்தயக்காரர்கள் 30-லேயே பறப்பார்கள், அது அவர்கள் பாடு. பெடல் பக்கத்துப் பல்சக்கரத்துக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய பல்சக்கரம் ஒன்றாவது பின்சக்கரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் 15 சதவீத ஏற்றத்தில் மண்ணில் நின்று மிதிக்கும்போது பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். இறக்கத்தில் கார்கள் ஓடி அலைஅலையாக வரிவிழுந்த இடங்கள் வரும். ஹேண்டிலை இறுக்கினால் பல் ஆடும், கையைத் தளர்த்தி, சீட்டிலிருந்து லேசாக எழும்பிக்கொள்ளுங்கள். பிரேக் எல்லாம் திருப்பத்துக்கு முன்பே.

மதியம் ஒரு மணிக்கு முன்பே சாப்பாடு வாங்கிவிடுங்கள், சிற்றூர்க் கடைகள் சாத்திவிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்தவனுக்கு, சட்டையெல்லாம் வியர்வை உப்பு பூத்து நிற்கும்போது அதைக் கடிப்பது கொடுமை. பெக்கோரினோ சீஸோ ஆலிவோ சேர்த்து வாங்குங்கள்.

தோட்டங்களில் ஒயின் ருசிபார்ப்பதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினாலும் அங்கே காருக்கு உள்ள அதே சட்டம்தான். நான் ருசிகூடப் பார்க்காமல் ஒரே ஒரு பாட்டில் வாங்கி முதுகுப் பையில் போட்டேன். கண்ணாடியோடு ஒன்றேகால் கிலோ. சியெனா சதுக்கத்துக்குள் நுழைய சாந்தா கத்தெரீனா தெரு என்று 16 சதவீதக் கல்பாவிய ஏற்றம் ஒன்று உண்டு. பந்தயம் முடிவதும் அப்படி ஏறித்தான். நான் அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன், பாட்டிலுக்குச் சேதம் வரக்கூடாது என்ற சாக்கோடு.